காட்டைக் காக்கும் சுற்றுலா: வருவாயில் வனவாசிக்குப் பங்கு எங்கே?

மைசூரு: ஒவ்வோர் ஆண்டும் தசரா விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்திலுள்ள வீரனஹொசஹள்ளியில் "கஜபயணம்" தொடங்குகிறது. நாகரஹொளே புலிகள் காப்பகத்தின் நுழைவாயில்களில் ஒன்றான இச்சிற்றூரில் யானைகளுக்குப் பூஜை செய்து, அமைச்சர்களும் அதிகாரிகளும் அவற்றை மைசூருவுக்கு வழியனுப்பி வைக்கின்றனர். விஜயதசமி நாளில் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமந்து யானை நடந்து வருவதைக் காண லட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். அந்த யானைகளை நடத்தி வரும் பாகன்களிலும், அவர்களுக்கு உதவியாக உள்ள காவடிகளிலும் பலர் ஜேனு குருபர் எனப்படும் தேன் குறும்பர் பழங்குடியினர்.

விழா முடிந்ததும் யானைகள் காட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால், யானைகளைப் பழக்கிய இந்த மக்களில் ஆயிரக்கணக்கானோருக்கு அதே காட்டில் இன்று இடமில்லை. நாகரஹொளே தேசியப் பூங்காவிலிருந்து 3,418 பழங்குடிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதாக, கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த குழு 2014-இல் அளித்த அறிக்கையில் தெரிவித்தது. அக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் மைசூரு பல்கலைக்கழகப் பேராசிரியர் முசாஃபர் அசாதி.

காட்டில் வாழ்ந்தவர்களைக் காட்டுக்கு வெளியே அனுப்புவதும், காட்டைக் காண வருபவர்களை உள்ளே அழைத்துச் செல்வதும் ஒரே காலகட்டத்தில் நடந்தேறின என்பதே மைசூரு வனப் பகுதியின் முரண்பாடு. காட்டைக் காக்கச் சுற்றுலா உதவும் என்ற வாதம் உலகெங்கும் ஏற்கப்பட்டுவிட்டது. அந்தச் சுற்றுலாவை நடத்துவது யார், வருவாய் யாருக்குச் சேர்கிறது என்ற கேள்விக்குத்தான் இன்னமும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

காவிரியின் ஊற்றுக்கண்:

இது கர்நாடகத்தின் உள்விவகாரம் மட்டுமன்று. நாகரஹொளே பெரும்பாலும் இலையுதிர் காடு. அதற்கு மேற்கே பிரம்மகிரி மலைத் தொடரிலும் வயநாட்டிலும் பசுமைமாறா மழைக்காடுகள் உள்ளன. வயநாட்டில் பிறக்கும் கபினியும், பிரம்மகிரியில் தோன்றும் லட்சுமண தீர்த்தமும் காவிரியின் துணை ஆறுகள். மைசூரு மாவட்டம் எச்.டி. கோட்டை வட்டத்தில் அமைந்துள்ள கபினி அணையின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பெரும்பாலான ஆண்டுகளில் கிருஷ்ணராஜசாகருக்கு முன்பே நிரம்புவது இந்த அணைதான். மேட்டூருக்கு முதல் வரவாக வந்து சேர்வதும் பெரும்பாலும் கபினியின் உபரிநீரே.

காவிரியில் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் வழங்க வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் அளவு குறிக்கலாம். ஆற்றில் நீர் வர மலையில் காடு இருக்க வேண்டும். மழைநீரை உள்வாங்கிக் கசியவிடும் காடுகள் அழிந்தால் பெருமழையில் வெள்ளமும், மழை ஓய்ந்ததும் வறட்சியுமே மிஞ்சும். எனவே கபினி நீர்ப்பிடிப்புப் பகுதிக் காடுகளைக் காப்பது தஞ்சை டெல்டா விவசாயிக்கும் உரிய கவலையாகும்.

விடுதிக்கு வழி, குடிசைக்குத் தடை:

மைசூரு சமஸ்தான காலத்தில் காகனகோட்டைக் காட்டில் காட்டு யானைகளை மடக்கிப் பிடிக்கும் "கெட்டா" நடைபெற்றது. 1971-இல் கடைசி கெட்டா நடந்தது. 1974-இல் கபினி அணை கட்டி முடிக்கப்பட்டபோது அக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. 1980-இல் கர்நாடக அரசின் பங்களிப்புடன் தொடங்கப்பட்ட ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம், காரப்புராவில் மகாராஜாவின் வேட்டை மாளிகை இருந்த இடத்தில் வன விடுதியை நடத்தலாயிற்று. நாட்டின் வனச் சுற்றுலாவுக்கு முன்னோடியாகக் கருதப்படும் அந்த விடுதியைத் தொடர்ந்து, கபினிக் கரையில் தனியார் சொகுசு விடுதிகளும் பெருகின.

1990-களில் நாகரஹொளே பூங்காவுக்குள்ளேயே முர்க்கல் என்ற இடத்தில் தாஜ் குழும நிறுவனம் ஒன்றுக்கு விடுதி நடத்த மாநில அரசு இடமளித்தது. பூங்கா என்பதால் பழங்குடியினர் பயிரிடவும் வேட்டையாடவும் கூடாது. புதுக் குடிசை போடவும் கூடாது. ஆனால், நட்சத்திர விடுதிக்கு அனுமதி உண்டு. இதை எதிர்த்துப் பழங்குடியினர் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் முரணாக அந்த இடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்று 1997-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதி திறக்கப்படவே இல்லை. நாட்டின் வனச் சுற்றுலா வரலாற்றில் வனவாசிகள் பெற்ற முதல் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இது பேசப்படுகிறது.

ஒரே திட்டம், இரண்டு காடுகள்:

அதே காலகட்டத்தில், உலக வங்கி, உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியுடன் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு 1996-இல் தொடங்கியது. காடுகளைச் சுற்றி வாழும் மக்களுக்கு மாற்று வருவாய்க்கு வழிசெய்து, அதன் மூலம் காட்டைக் காப்பதே அதன் நோக்கம். தேர்வு செய்யப்பட்ட ஏழு காப்பகங்களில் கர்நாடகத்தின் நாகரஹொளேவும், கேரளத்தின் பெரியாறும் இடம்பெற்றன. நிதியும் விதிகளும் ஒன்றே. விளைவுகளோ நேர்மாறு.

தேக்கடியை மையமாகக் கொண்ட பெரியாறு காப்பகத்தில் "வயணா" எனப்படும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்த இருபதுக்கும் மேற்பட்டோரை வனத் துறையினர் அழைத்துப் பேசினர். வழக்குகளில் சிக்கியிருந்த அவர்கள் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டு, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டு வழிகாட்டிகளாயினர். மரம் உரித்தவர்களுக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். அந்த அறிவே அவர்களுக்குப் பிழைப்பானது. காட்டுக்குள் அந்நியர் நுழைந்தால் முதலில் தகவல் தருபவர்களும் அவர்களாகவே ஆயினர். மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளாயினர். பெண்கள் "வசந்த சேனை" என்ற பெயரில் ஊதியமின்றி ரோந்துப் பணியை மேற்கொண்டனர். பயணிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி மக்கள் குழுக்களுக்கே சேரும் வகையில் 2004-இல் பெரியாறு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 2006-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என நாடாளுமன்றம் வகுத்ததற்கு இதுவே முன்மாதிரி.

நாகரஹொளேவில் நிகழ்ந்தது வேறு. தங்களைக் கலந்தாலோசிக்காமல் திட்டம் வகுக்கப்பட்டது என்றும், மாற்று வருவாய் என்ற பெயரில் வெளியேற்றமே நடைபெறும் என்றும் பழங்குடியினர் அமைப்பு 1998-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டது. முழு விசாரணை நடத்தலாம் என ஆய்வுக் குழு பரிந்துரைத்தும், வங்கியின் இயக்குநர் குழு அதை ஏற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஹுன்சூர் வட்டம் நாகபுரா உள்ளிட்ட மறுவாழ்வு மையங்களுக்குக் குடும்பங்கள் மாற்றப்பட்டன. தேனும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்தவர்களில் பலர், குடகின் காபித் தோட்டங்களில் தினக்கூலிகளாயினர்.

இரு காடுகளின் சூழ்நிலையும் ஒன்றல்ல என்பதையும் கருத வேண்டும். பெரியாறில் மக்கள் பெரும்பாலும் காட்டின் விளிம்பில் வாழ்ந்தனர். தேக்கடிக்கு ஏற்கெனவே பயணிகள் குவிந்துவந்தனர். நாகரஹொளேவிலோ ஆயிரக்கணக்கானோர் காட்டின் நடுவில் "ஹாடி" எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அங்கு அடிப்படைக் கேள்வி வருவாய் பற்றியது அல்ல. வசிக்கும் உரிமை பற்றியது. உரிமைக்கு விடை காணாமல் உதவித் தொகை வழங்க முற்பட்டதே தோல்விக்குக் காரணம் என்பது இத்திட்டம் விட்டுச் சென்ற பாடம்.

லட்சத்தில் ஒருவர்:

வனச் சுற்றுலாவால் உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கிறது என்பது விடுதி உரிமையாளர்களின் வாதம். நாட்டின் 10 காப்பகங்களில் ஆய்வு நடத்தி கிருதி கரந்த், ரூத் டிஃப்ரீஸ் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறான சித்திரத்தைத் தருகிறது. பயணிகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சராசரியாக 15 சதவீதம் வளர்ந்துள்ளது. ஆனால், காப்பகத்திலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் வாழும் மக்களில் சுற்றுலாத் துறையில் நேரடி வேலை பெற்றோர் 0.001 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வு தில்லி அறியாதது அன்று. சரிஸ்கா காப்பகத்தில் புலிகளே இல்லாமற்போன அதிர்ச்சியைத் தொடர்ந்து, சுனிதா நாராயண் தலைமையில் 2005-இல் பிரதமர் அமைத்த புலிகள் பணிக்குழு, காப்பக எல்லையிலிருந்து 5 கி.மீ. சுற்றளவில் உள்ள விடுதிகள் தங்கள் விற்றுமுதலில் 30 சதவீதத்தைக் காப்பகத்துக்கு அளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டோடு நின்றது.

2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், விடுதித் துறை விழித்துக்கொண்டது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை அறிவிக்கை செய்த பின் தடை விலக்கப்பட்டது. மையப் பகுதியில் 20 சதவீதப் பரப்புக்கு மிகாமல் சுற்றுலாவை அனுமதிக்கலாம். அங்கே புதிய கட்டடங்கள் கூடாது. விடுதிகளிடம் பாதுகாப்புக் கட்டணம் வசூலித்து உள்ளூர் மக்களின் வாழ்வாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என அந்நெறிகள் கூறின. ஆனால், கட்டணம் எவ்வளவு என்பது மாநில அரசுகளின் முடிவுக்கே விடப்பட்டது.

நாடாளுமன்றம் தந்த உரிமை:

பழங்குடியினர் மற்றும் பாரம்பரிய வனவாசிகளின் வன உரிமைகளை அங்கீகரிக்கும் மசோதா 2005 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக் குழு அதை ஆராய்ந்தது. புலி ஆதரவாளர்களுக்கும் பழங்குடி ஆதரவாளர்களுக்கும் இடையே கடும் விவாதம் எழுந்த நிலையில், 2006 டிசம்பரில் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. "வரலாற்று அநீதி" இழைக்கப்பட்டதாகச் சட்டத்தின் முகப்புரையே ஒப்புக்கொண்டது. குடியிருப்பு, சாகுபடி நிலத்துக்கான உரிமையுடன், சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையையும் அச்சட்டம் கிராம சபைகளுக்கு அளிக்கிறது. காப்பகங்களிலிருந்து மக்களை இடம் மாற்றுவதற்கும் கிராம சபையின் சுதந்திரமான ஒப்புதல் கட்டாயம்.

இச்சட்டத்தின் பயன் முதலில் தெரிந்தது மைசூருவுக்கு அண்டையிலேயே. 1997 வரை மைசூரு மாவட்டத்தின் பகுதியாக இருந்த சாமராஜநகர் மாவட்டத்தின் பிளிகிரிரங்கன் மலையில், தேனும் நெல்லிக்காயும் சேகரித்து விற்க சோலிகருக்கு 2006-இல் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2011 ஜனவரியில் அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டா வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றில் இத்தகைய உரிமை ஏற்கப்பட்டது நாட்டிலேயே அதுவே முதல் முறை.

ஆயினும், வன உரிமைச் சட்டத்தில் சுற்றுலா என்ற சொல் இல்லை. தேன் மீது சோலிகருக்கு உரிமை உண்டு. யானையைக் காண வரும் பயணி செலுத்தும் கட்டணத்தின் மீது இல்லை. அதே காட்டில் கே. குடி முகாமை நடத்துவதும் அரசு விடுதி நிறுவனமே.

2025-இல் வெடித்த கேள்வி:

நாகரஹொளேவில் 2022 கணக்கெடுப்பின்படி 141 புலிகள் உள்ளன. அண்டையிலுள்ள பந்திப்பூரில் 150. பாதுகாப்பின் வெற்றிக்கு இது சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால், 2025-ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள் அந்த வெற்றியின் மறுபக்கத்தைக் காட்டின.

அந்த ஆண்டு மே மாதம் 52 ஜேனு குருபர் குடும்பங்கள், முன்னோர் வாழ்ந்த இடம் எனக் கூறி நாகரஹொளே காட்டிலுள்ள கரடிக்கல்லு ஹாடிக்குத் திரும்பிச் சென்று குடிசைகள் அமைத்தன. வன உரிமைச் சட்டப்படி தாங்கள் அளித்த மனுக்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பதாக அவர்கள் முறையிட்டனர். வனத் துறை அவர்களது உரிமைக் கோரலை ஏற்கவில்லை.

அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் மைசூரு மாவட்டம் சரகூர் பகுதியில் புலி தாக்கி விவசாயிகள் உயிரிழந்தனர். சஃபாரி வாகனங்களின் நெரிசலால்தான் புலிகள் ஊருக்குள் வருகின்றன எனக் கூறி, சஃபாரியையும் விதிமீறிய விடுதிகளையும் தடை செய்யக் கோரி விவசாயிகள் போராடினர். நாகரஹொளேவிலும் பந்திப்பூரிலும் சஃபாரியை நிறுத்துமாறு மாநில வனத் துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே நவம்பர் 7-இல் உத்தரவிட்டார்.

சஃபாரியால் புலிகள் வெளியேறுகின்றனவா என்பது ஆய்வாளர்கள் தீர்க்க வேண்டிய கேள்வி. அரசியல் நோக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. காட்டோரம் வாழும் விவசாயி, பயிரையும் மாட்டையும் உயிரையும் இழக்கிறார். காட்டின் வருவாயோ பெங்களூருக்கும் மும்பைக்கும் செல்கிறது. சுற்றுலாவில் அவருக்கும் ஒரு பங்கு இருந்திருந்தால், அதை மூட வேண்டும் என அவரே வீதிக்கு வந்திருப்பாரா?

எதிர்வாதமும் உண்டு:

மக்கள் வெளியேறிய பின்னரே நாகரஹொளேவில் மானும் காட்டெருமையும் பெருகின, அவற்றை நம்பிப் புலிகளும் பெருகின என்பது வன உயிரின ஆர்வலர்களின் வாதம். பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் தேடி விரும்பி வெளியேறிய குடும்பங்களும் உண்டு என அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் வாழ்வதாகக் குறிப்பிட்டு, இடமாற்றத்தை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்குப் புலிகள் ஆணையம் 2024 ஜூன் 19-இல் கடிதம் எழுதியதும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

மக்கள் நடத்தும் சுற்றுலா என்பதாலேயே அது காட்டுக்கு நன்மை பயக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. வாடகைக்கு விடும் வீடுகள் பெருகினால் குப்பையும் விளக்கொளியும் வாகனமும் பெருகும். நீலகிரி மாவட்டம் மசினகுடியை ஒட்டிய யானை வழித்தடத்தில் விடுதிகள் பெருகியதன் விளைவாக, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. மேலும், கரோனா காலத்தில் கண்டதுபோல, பயணிகள் வராத நாளில் வருவாய் ஒரேயடியாக வற்றிவிடும். எனவே சுற்றுலா துணை வருவாயாக இருக்கலாம். அதையே நம்பி வாழச் சொல்வது அறமாகாது.

எழுத்தில் இருக்கும் பங்கு:

பெரு நாட்டின் அமேசான் மழைக்காட்டில் இன்ஃபியர்னோ என்ற பழங்குடிச் சமூகம் 1996-இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு விடுதி நடத்தியது. லாபத்தில் 60 சதவீதம் சமூகத்துக்கு, 40 சதவீதம் நிறுவனத்துக்கு. நிர்வாக முடிவுகளிலும் சமூகத்துக்கு இடம். காடும் நிலமும் சமூகத்தின் பெயரில் இருந்ததால்தான் நிறுவனத்துடன் சரிசமமாக அமர்ந்து பேச முடிந்தது.

தமிழகத்திலும் சிறிய அளவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவை வனக் கோட்டத்தில் பில்லூர் அணையை ஒட்டிய பரளிக்காட்டில், 2007 முதல் வனத் துறையின் மேற்பார்வையில் இருளர் கிராமத்தினர் பரிசல் ஓட்டியும் உணவு சமைத்துத் தந்தும் வருவாய் ஈட்டுகின்றனர். வரும் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முன்பதிவின்றி அனுமதி இல்லை. சொகுசு விடுதியின்றியும் வனச் சுற்றுலா நடத்தலாம் என்பதற்கு இது சான்று.

கார்பெட் காப்பக வழக்கில் அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு 2025 நவம்பர் 17-இல் அளித்த தீர்ப்பு, காப்பகங்களையொட்டி வீடுகளில் தங்கும் வசதியையும் மக்களே நிர்வகிக்கும் அமைப்புகளையும் ஊக்குவிக்க வேண்டும் எனக் கூறியது. ஊக்குவிப்பது என்ற சொல் சட்டத்தில் பங்காக மாறுவது ஆட்சியாளர்களின் கையில் உள்ளது.

செய்ய வேண்டியவை மூன்று. வன உரிமை மனுக்களை முதலில் முடிவு செய்தாக வேண்டும். உரிமை நிலைநாட்டப்படாத இடத்தில் பங்கு என்பது தானமாகவே இருக்கும். விடுதிகளின் பாதுகாப்புக் கட்டணத்துக்கும், நுழைவுக் கட்டணத்தில் கிராம சபைகளின் பங்குக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்க வேண்டும். விலங்குகளால் இழப்புக்குள்ளாகும் காட்டோர விவசாயிக்கு அந்த நிதியிலிருந்து தாமதமின்றி ஈடு வழங்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கும் கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையைக் கர்நாடக அமைச்சரவை 2024 செப்டம்பரில் நிராகரித்தபோது, மக்களின் வாழ்வாதார அச்சமே காரணமாகக் காட்டப்பட்டது. காட்டால் இழப்பு மட்டுமே என்று மக்கள் கருதும் வரை எந்த அறிக்கையும் எளிதில் நிராகரிக்கப்படும். அந்த அச்சத்தை முன்னிறுத்தி குவாரிக்காரரும் விடுதிக்காரரும் காரியம் சாதித்துக்கொள்வர்.

வீரனஹொசஹள்ளியில் கஜபயணம் புறப்படும் நாளில் பாகனுக்கு மாலையும் மரியாதையும் கிடைக்கின்றன. யானையின் கால் தடத்தைக் கண்டே அதன் வயதையும் வழியையும் சொல்லும் அந்த அறிவைக் காட்டின் காவலுக்கும் பயன்படுத்தி, அதற்குரிய பங்கையும் சட்டப்படி வழங்கினால், கபினியின் நீரும் காடும் ஒருசேரக் காக்கப்படும். அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2006-லேயே இயற்றிவிட்டது. செயல்படுத்துவதுதான் பாக்கி.